மூன்று நாடுகளுக்கு மட்டும் மன்றாட்டு

உலகத்தில் எந்தப் போரும் ஐ.நா. அண்ணனிடம் சொல்லாமல் தொடங்கியதில்லை. கோவையில் அவர் கிரைண்டர் பழுது பார்க்கும் கடை வைத்திருந்தார். கழற்றிப் போட்ட மோட்டாருக்குப் பக்கத்தில் செல்போன் உலகச் செய்தி வாசித்துக்கொண்டிருக்கும். ஏவுகணை எங்கே விழுந்தாலும் அவர் வேலையை விட்டுச் செய்தியில் மூழ்கிவிடுவார்; எங்கள் பகுதியில் யாராவது ஒருவர் வீட்டில் மறுநாள் இட்லி இருக்காது.

ஞாயிறு பூசையில் விசுவாசிகள் மன்றாட்டு வாசிப்பது அவர்தான். போர் நடக்கும் நாடுகளை ஒவ்வொன்றாகச் சொல்வார். ஒவ்வொன்றுக்கும் நாங்கள் “எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்” என்போம். பட்டியல் பதினான்கு நாடுவரை போனது. போர்நிறுத்தம் என்று செய்தி வந்தால் அந்தப் பெயரை அடித்துவிடுவார். மறுபடி குண்டு விழுந்தால் மறுபடி எழுதுவார். அடித்து எழுதி அடித்து, தாளில் ஓட்டையே விழுந்துவிட்டது.

“ஏனுங்கண்ணா, சண்டை போடற ரெண்டு பேருக்கும் நீங்களே ஜெபிச்சா ஆண்டவர் கொழம்பிப்போயிர மாட்டாருங்களா?” என்று பாடகர் குழுத் தலைவர் சீண்டினார்.

“நானே கொழம்பித்தானுங்க கெடக்கறேன். அதனாலதான் அவர்கிட்டச் சொல்றது.”

நான் ஓய்வுபெற்ற வரலாற்றுப் பேராசிரியன். அப்போது எங்கள் கோயிலின் பங்குப் பேரவைச் செயலாளர். மன்றாட்டு நீண்டு, அடுத்த பூசைக்கு வந்தவர்கள் வெயிலில் காத்து நின்றார்கள். “இனிமேல் மூன்று நாடு போதும்” என்று உத்தரவு போட்டேன்.

அண்ணன் தாளோடு என் வீட்டுக்கு வந்தார். “எதை எடுக்கறதுங்க சார்? எனக்குப் புடிபட மாட்டேங்குது. செத்தவங்களப் பாக்கறதுங்களா, பேப்பர்ல வாரதப் பாக்கறதுங்களா?”

எனக்கும் பிடிபடவில்லை. அதை ஒப்புக்கொள்ள வெட்கப்பட்டுப் பேனாவை எடுத்து மளமளவென்று அடித்தேன். சூடானுக்கு வந்ததும் கையைப் பிடித்துக்கொண்டார்.

“இது மட்டும் இருக்கட்டுங்க சார்.”

“அங்க யாருக்கும் யாருக்கும் சண்டை, சொல்லுங்க பாக்கலாம்.”

“ரெண்டு தளபதிங்க. முன்னால ஒண்ணா இருந்தவங்க. எதுக்கு அடிச்சுக்கறாங்கன்னு சரியாப் புரியலீங்க.”

“புரியாததுக்கு எதுக்கு ஜெபம்?” என்று சொல்லி அதையும் அடித்தேன். அவர் தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

அந்த ஞாயிறு மன்றாட்டு ஒரு நிமிடத்தில் முடிந்தது. எனக்குப் பெருமை. வாசலுக்கு வந்தால், நெடுநெடுவென்று வளர்ந்த ஒரு மாணவன் அண்ணனின் இரண்டு கையையும் பற்றிக்கொண்டு, முகமெல்லாம் சிரிப்பாக ஏதோ கேட்டுக்கொண்டிருந்தான்.

“யாருங்க இது?”

“சூடான்காரப் பையனுங்க சார், இங்க காலேஜ்ல படிக்கறான். அப்பா அம்மா அங்கதான் இருக்காங்க. தமிழ் தெரியாது. நம்ம பூசையில அவனுக்கு வெளங்கறது அந்த நாட்டுப் பேரு ஒண்ணுதாங்க. சண்டை நின்னாப் பேரை எடுத்துருவேன்னு சொல்லி வெச்சிருந்தேன். இன்னிக்குப் பேரு வரலீங்களா, அதான் நின்னுபோச்சான்னு கேக்கறான்.”

அவனுக்குப் புரியும் ஆங்கிலம் என்னிடம் தாராளமாக இருந்தது. நான் வாயைத் திறக்கவில்லை.

அண்ணன் அவன் தோளைத் தொட்டார். “நோ தம்பி. வார் நாட் ஸ்டாப். மை மிஸ்டேக். ஸ்பெக்ஸ் நோ, லைன் மிஸ்ஸிங்.”

கண்ணாடி அவர் மூக்கின் மேல்தான் இருந்தது. அவனும் அதைப் பார்த்தான். சிரிப்பு மெல்ல வற்றியது. அவரைக் கட்டிக்கொண்டான்.

கோயில் வாசலில் நின்று எனக்காகப் பொய் சொல்லும் அளவுக்கு அவர் என்மேல் ஏன் பிரியம் வைத்தார் என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.