உப்புத்தண்ணி அண்ணாச்சியின் கப்பல்

கொழும்பில் கடலைப் பார்த்து, "ஒழுங்கா நில்லு!" என்று அதட்டிய ஒரே மனிதர் உப்புத்தண்ணி அண்ணாச்சிதான்.

தூத்துக்குடியிலிருந்து கப்பலேறி வந்த ஓவியர். வெள்ளவத்தையில் என் பக்கத்து அறைக்காரர். கடற்கரைக் காட்சிகளைத் தவிர வேறெதையும் வரையமாட்டார். வர்ணத்தையும் கடல் நீரில்தான் குழைப்பார். "குழாய்த் தண்ணியில கடல் வருமா தம்பி?" என்பார். மழைக்காலத்தில் அவருடைய படங்கள் வியர்க்கும். வாங்கியவர்கள் துவாயும் கையுமாகச் சண்டைக்கு வருவார்கள்.

அது யுத்த காலம். கடற்கரையில் கமராவோடு நின்றாலே பிடித்துக்கொண்டு போவார்கள். "அறைக்குள்ள இருந்து படம் கீறுங்கோ அண்ணாச்சி" என்று சொன்னால் கேட்டால்தானே! ஒரு ஞாயிறு மாலை, அவரைக் கூட்டிவரத் தண்டவாளத்தைக் கடந்து கடற்கரைக்குப் போனேன். இரண்டு சிப்பாய்களோடு ஓர் அதிகாரி எனக்கு முந்தியே அவருடைய படத்தின் முன் நின்றார்.

படத்தில் ஒரு கப்பல் இருந்தது. கடலில் இல்லை.

"இந்தக் கப்பல் எங்க? எப்ப வரப்போகுது?" என்று சிங்களத்தில் கேட்டார் அதிகாரி. ஒரு சிப்பாயின் துப்பாக்கி கொஞ்சம் உயர்ந்தது.

மொழிபெயர்த்தேன். அண்ணாச்சி அலட்டிக்கொள்ளவில்லை. "அந்த இடத்துல கப்பல் இல்லேன்னா படம் ஒரு பக்கமா சாஞ்சிரும்னு சொல்லு."

"பிழையாக் கீறிப்போட்டாராம் சேர். அழிக்கிறாராம்" என்றேன் சிங்களத்தில்.

"அப்ப இப்பவே அழிக்கச் சொல்லு."

"அண்ணாச்சி, கும்பிட்டுக் கேக்கிறன். அழியுங்கோ."

"மாட்டேன். வேணும்னா அவரே அழிக்கட்டும்" என்று தூரிகையை அதிகாரியிடம் நீட்டினார். அதற்கு மொழிபெயர்ப்புத் தேவைப்படவில்லை.

அதிகாரி தூரிகையை வாங்கினார். குனிந்து அந்தக் கப்பலை வெகுநேரம் பார்த்தார். பிறகு கறுப்பைத் தொட்டு, புகைக்கூண்டுக்கு மேலே மெல்ல ஒரு கோடு இழுத்தார்.

புகை.

"ஹரித?" சரியா என்று நிமிர்ந்து கேட்டார். பள்ளிக்கூடப் பிள்ளையின் முகம்.

தப்பினோம் என்று நான் மூச்சு விட, அண்ணாச்சி கண்ணைச் சுருக்கினார். "காத்து இந்தப் பக்கமா அடிக்குது. புகை எப்படி அந்தப் பக்கம் போவும்? கேளு தம்பி."

அதிகாரி என் வாயையே பார்த்தார்.

"நல்ல வடிவாம் சேர்."

அதிகாரி சிரித்துவிட்டார். போகச் சொல்லிக் கையசைத்தார்.

பஸ்கள் இரைகிற காலி வீதி வரை அண்ணாச்சியைத் திட்டிக்கொண்டே வந்தேன். வீதியைக் கடப்பதற்காக அவர் கையைப் பிடித்தேன். அவர் விரல்கள் என் கையை இறுக்கிக்கொண்டன. கடந்த பிறகும் நான் விடவில்லை.