இருக்கீங்களா என்று கேட்பவர்

தாம்பரத்திலிருந்து கேளம்பாக்கம் வரைக்கும் எமன் அண்ணாவின் போனுக்கு நடுங்காத வியாபாரி ஒருவர்கூடக் கிடையாது. வருமான வரிக்காரர்களைக்கூட உட்காரவைத்து காபி கொடுத்துவிடுவார்கள். எமன் அண்ணாவின் நம்பரைப் பார்த்தால் போனை மனைவி கையில் கொடுத்துவிட்டுப் பூஜை அறைக்குள் போய்விடுவார்கள்.

சிட்லபாக்கத்தில் ஒரு பேக்கரியின் மாடியில் எங்கள் கம்பெனி இருந்தது. ஊரில் உள்ளவர்களின் வெப்சைட்டுகளை எங்கள் சர்வர்களில் குடிவைத்து, அவை படுத்துவிடாமல் பார்த்துக்கொள்வதுதான் தொழில். நான் கஸ்டமர் சப்போர்ட். அண்ணா ஆபரேஷன்ஸ் மேனேஜர். சர்வர் அறைக் குளிருக்காக எப்போதும் மங்கி குல்லா போட்டிருப்பார். மூக்குக்கண்ணாடியில் பனி படர, சத்தமே இல்லாமல் அந்த அறைக் கதவைத் திறந்துகொண்டு அவர் வரும்போது, பழகிய நானே நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளிக்கொள்வேன்.

பட்டப்பெயரை வைத்தது கஸ்டமர்கள்தான். யாராவது வெகுநாளாகத் தன் வெப்சைட்டுக்குள் வரவில்லை என்றால், காலையில் முதல் வேலையாக அண்ணா போன் செய்வார். "சார், ரொம்ப நாளா ஆளைக் காணோம். இருக்கீங்களா?" அந்தக் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல இருக்கும்.

"இன்னாய்யா, காலங்காத்தால போன் பண்ணி கீறியான்னு கேக்குற? வூட்ல எல்லாரும் பயந்துகினு கீறாங்க!" என்று ஒரு ரியல் எஸ்டேட் புரோக்கர் கத்தினார்.

"இருக்கீங்கல்ல? சரி சார்." டக்கென்று வைத்துவிட்டார். அன்று சாயங்காலமே புரோக்கர் வாசலில் திருஷ்டிப் பூசணிக்காய் உடைத்ததாகக் கேள்வி.

இன்னொரு நாள், சபையின் வெப்சைட் விஷயமாக வந்த பாஸ்டர் வரவேற்பறையில் உட்கார்ந்திருந்தார். அண்ணா சர்வர் அறைக் கதவைத் திறந்து என்னிடம், "காலைலயே மூணு பேர் போயிட்டாங்கம்மா. ரெண்டு பேரைத் திருப்பிக் கொண்டுவந்துட்டேன். ஒருத்தர்தான் வரமாட்டேங்கிறார்" என்றார். பாஸ்டர் எழுந்து நின்று கண்ணை மூடி ஜெபிக்க ஆரம்பித்துவிட்டார். சர்வரைச் சொல்கிறார் என்று புரியவைப்பதற்குள் எனக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது.

இப்படி இருக்கையில், பழைய சர்வர் ஒன்றை நிறுத்தப்போவதாக முதலாளி சொன்னார். அதில் இருந்தவர்களில் வேண்டும் என்பவர்களை வேறு சர்வருக்கு மாற்றிவிட்டு, பதில் சொல்லாதவர்களின் வெப்சைட்டுகளை வெள்ளிக்கிழமைக்குள் அழித்துவிட வேண்டும். "சொந்தக்காரர் வாயால வேணாம்னு சொல்லாம நான் கைவைக்க மாட்டேன்" என்று அண்ணா ஒவ்வொருவரையும் தேடிப்பிடித்தார். கடைசியில் மிஞ்சியது ஒன்றே ஒன்று. அஸ்தினாபுரத்தில் இருந்த ஓய்வுபெற்ற விலங்கியல் வாத்தியார், ஏரிப் பறவைகளைப் படம் எடுத்துக் குறிப்பெழுதி வைத்திருந்த வெப்சைட். நகல் வேறெங்கும் கிடையாது.

அந்த வீட்டு லேண்ட்லைனை யாரோ எடுப்பார்கள். பேச மாட்டார்கள். மூச்சுச் சத்தம் மட்டும் வரும். பின்னால் ஒரு மின்விசிறி கடக் கடக் என்று சுற்றும். ஸ்பீக்கரில் கேட்டு ஆபீஸே வெலவெலத்துப் போனது. அண்ணா மட்டும் தினமும் அந்த மூச்சோடு பேசினார். "சார், நேத்து திருச்சிலேர்ந்து ஒரு பொண்ணு உங்க நாமக்கோழிப் படத்தைப் பார்த்துச்சு. நல்லா இருக்குன்னு எழுதியிருக்கு."

"அண்ணா, அது மனுஷன்தானான்னே தெரியல. விட்ருங்க" என்றேன்.

"கேக்குறாங்கம்மா. கேக்குறவங்களை எப்படி விடறது?"

வெள்ளிக்கிழமை மதியம் என் ஸ்கூட்டியில் இருவரும் போனோம். வீட்டுக் கதவில் பெரிய பூட்டு. முற்றமெல்லாம் சருகு. அண்ணா செல்போனில் ஸ்பீக்கரைப் போட்டு அந்த நம்பரை அழுத்தினார். பூட்டிய வீட்டுக்குள் மணி அடித்தது. நின்றது. அண்ணாவின் போனில் அதே மூச்சு. நான் கேட்டுக்கு வெளியே ஓடியே வந்துவிட்டேன்.

அண்ணா அசையவில்லை. "சார், உங்க வாசல்லதான் நிக்கிறேன். வெப்சைட்டை இன்னைக்கு அழிக்கச் சொல்றாங்க. அழிக்க வேணாம்னா ஒரு தட்டு தட்டுங்க."

போனில் மின்விசிறிச் சத்தம்தான் கேட்டது. பிறகு உள்ளே மரத்தில் எதுவோ மோதிய சத்தம். மறுபடி. அப்புறம் நிற்காமல் தட்டிக்கொண்டே இருந்தது.

சத்தம் கேட்டுப் பக்கத்து வீட்டு அம்மா சாவியோடு ஓடிவந்தார். "வாத்தியார்தான்பா. பக்கவாதம். பேச்சே போயிடுச்சு. பையன் பூட்டிட்டு வேலைக்குப் போயிடுவார், மத்தியானம் நான்தான் வந்து கஞ்சி ஊட்டுவேன். அவருக்குத்தான் ஒண்ணுமே வெளங்காதே!"

கதவைத் திறந்தோம். நாற்காலியில் ஒடுங்கிய ஒரு மனிதர் ரிசீவரை மடியில் போட்டுக்கொண்டு, இடது கையால் மேஜையைத் தட்டிக்கொண்டிருந்தார். விரல் முட்டியெல்லாம் சிவந்திருந்தது. அண்ணா அருகில் போய், "சார், போன்ல பேசுறவன் நான்தான்" என்றார். வாத்தியார் அந்தக் குல்லாவையே பார்த்தார். கண்ணிலிருந்து பொலபொலவென்று நீர் கொட்டியது. தட்டுவது நின்றது.

"ஏசப்பா! எல்லாம் புரியுதா இவருக்கு?" அந்த அம்மா வாயைப் பொத்திக்கொண்டார். "இவர் முன்னாடி உக்காந்து யார் யாரைப் பத்தி என்னென்னவோ பேசியிருக்கேனே!"

வாத்தியாரின் உதடு ஒரு பக்கமாகக் கோணியது. அது சிரிப்புதான் என்று சத்தியம் செய்வேன்.

அண்ணா அங்கேயே நின்று முதலாளியைக் கூப்பிட்டார். "ஓனர்கிட்ட கேட்டுட்டேன் சார். அழிக்க வேணாம்னுட்டார்." முதலாளி ஏதோ கத்தினார். அண்ணா வைத்துவிட்டார்.

திரும்பும்போது பின்சீட்டிலிருந்து மூக்கை உறிஞ்சும் சத்தம்தான் வந்தது. ஆபீஸ் வருவதற்குள் அவர் முகத்தைத் துடைத்துக்கொள்ளட்டும் என்று, சிட்லபாக்கம் ஏரியை ஒரு சுற்று கூடுதலாகச் சுற்றினேன்.