கிளவுஸின் கழுத்தும் என் ஜெர்மனும்

ஜெர்மன் சரளமாக வரும் என்று நேர்முகத் தேர்வில் சொன்னேன். முழுப் பொய் என்று சொல்ல முடியாது. வகுப்பில் சரளமாகத்தான் வந்தது. ரயில் எத்தனை மணிக்கு, தக்காளி கிலோ என்ன விலை, என் பொழுதுபோக்கு நீச்சல் (எனக்கு நீந்தத் தெரியாது) என்று எதை வேண்டுமானாலும் பேசுவேன். கோபப்படும் ஜெர்மன்காரர் மட்டும் எங்கள் பாடப்புத்தகத்தில் ஒருவர்கூட இல்லை.

மணலிப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் வேலை கிடைத்தது. ஜெர்மனியிலிருந்து பெரிய பம்ப் ஒன்று வந்திருந்தது. அதைப் பொருத்திக் கொடுக்க கிளவுஸ் என்ற இன்ஜினியரும் வந்திருந்தார். அவருடைய ஆங்கிலம் குட் மார்னிங்கோடு சரி. மேனேஜர் பாட்டீல் சாருக்குத் தமிழும் தெரியாது, ஜெர்மனும் தெரியாது. நடுவில் நான், ஜெர்மனை ஆங்கிலமாக்க. மூன்று மாதம் பார்த்துவிட்டுத்தான் வேலை நிரந்தரம் என்றிருந்தார்கள்.

இரண்டாம் நாள் காலை கிளவுஸ் பம்பைச் சுற்றி ஒருமுறை நடந்தார். முகம் சிவந்தது. இரண்டு கைகளையும் கழுத்தருகே விரித்து, "இஹ் ஹாப் ஸோ ஐனன் ஹால்ஸ்" என்றார். அத்தனை சொல்லும் எனக்குத் தெரிந்த சொல். அந்தப் பெருமிதத்தோடு, 'எனக்கு இப்படி ஒரு கழுத்து இருக்கிறது' என்று அப்படியே ஆங்கிலத்தில் எடுத்து வைத்தேன். (கழுத்து எல்லாருக்கும்தானே இருக்கிறது என்று ஒரு நொடி தோன்றியது. கண்டுகொள்ளவில்லை.)

பாட்டீல் சார் பதறிப்போனார். முதலுதவி அறையிலிருந்து நர்ஸ் வந்து, தைலம் தேய்த்து, கழுத்துப் பட்டையும் மாட்டிவிட்டார். நாற்காலியில் உட்காரவைக்கப்பட்ட கிளவுஸ் என்னை முறைத்தபடி, "மியர் ப்ளாட்ஸ்ட் க்ளைஹ் டேர் க்ராகன்" என்றார். காலர் வெடிக்கப் போகிறதாம் என்று மொழிபெயர்த்தேன். நர்ஸ் பட்டையைக் கொஞ்சம் தளர்த்தினார்.

அதற்குப் பிறகு அவர் வாயே திறக்கவில்லை. திறந்தால் அடுத்து எதை மாட்டுவோமோ என்று பயந்திருக்கலாம்.

பம்பைப் பொருத்தும் ஃபிட்டர்களுக்குத் தலைவர் அந்தோணி. ராயபுரத்துக்காரர், என் வயதுதான். ஸ்பேனரைத் துடைத்தபடி என் பக்கத்தில் வந்து நின்றார்.

"மேடம், அவருக்குக் கழுத்துல ஒண்ணும் இல்ல. செம காண்டுல கீறாரு."

"உங்களுக்கு ஜெர்மன் தெரியுமா?"

"மூஞ்சி தெர்து இல்ல?"

கிளவுஸிடம் போய், பாடப்புத்தக ஜெர்மனில், நீங்கள் கோபமாக இருக்கிறீர்களா என்று கேட்டேன். "யா" என்று ஷெட் அதிரக் கத்தினார். அன்றைக்கு மொழிபெயர்ப்பே தேவைப்படாத முதல் சொல் அது. பிறகு எல்லாவற்றையும் கொட்டினார். அவர் மட்டம் பார்ப்பதற்கு முன்பே யாரோ அடித்தள போல்டுகளை இறுக்கிவிட்டார்களாம். இப்படியே ஓட்டினால் பம்ப் ஒரே வாரத்தில் போய்விடுமாம். "சார், ஹி இஸ் ஃப்யூரியஸ்" என்று தொடங்கி, அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே அத்தனையையும் பாட்டீல் சாரிடம் சொல்லி முடித்தேன்.

அந்தோணியின் ஆட்கள் போல்டுகளைத் தளர்த்தி, மட்டம் பார்த்து, மறுபடி இறுக்கினார்கள். மாலை நாலு மணிக்கு பம்ப் துளி அதிர்வில்லாமல் ஓடியது. அதன்மேல் கிளவுஸ் செங்குத்தாக நிறுத்தி வைத்த நாணயம் விழவே இல்லை. அவர் நெஞ்சில் கைவைத்து, "மியர் ஃபெல்ட் ஐன் ஷ்டைன் ஃபொம் ஹெர்ட்ஸன்" என்றார். அதாவது, இதயத்திலிருந்து ஒரு கல் விழுகிறது. கையையும் நெஞ்சையும் பார்த்ததுமே பாட்டீல் சார் ஆம்புலன்ஸைக் கூப்பிட போனை எடுத்துவிட்டார். நர்ஸும் ஓடி வந்துவிட்டார்.

நான் குறுக்கே போய் நின்றேன். இப்படி நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சிரிக்கும் மனிதர் எங்கள் தெருவில் என்ன சொல்லுவார்? அப்பாடா என்பார்.

"ஹி இஸ் ஸோ ரிலீவ்ட், சார்."

போன் சட்டைப்பைக்குத் திரும்பியது. கிளவுஸ் என் கையைப் பிடித்துக் குலுக்கு குலுக்கென்று குலுக்கினார். அந்த வாரமே என் வேலை நிரந்தரமானது.

இப்போதும் கிளவுஸ் வந்தால், கூட்டத்தில் என் பக்கத்து நாற்காலி அந்தோணிக்குத்தான். திருவொற்றியூரில் எங்கள் வீட்டுக்கு யார் வந்தாலும் அப்பா என்னை இப்படித்தான் அறிமுகப்படுத்துகிறார்:

"ஜெர்மன் பட்ச்சது எம் பொண்ணு. புர்ஞ்சிகினது அந்தோணி."