சீர்வரிசை சிஸ்டர்

தென்காசி வட்டாரத்தில் என் வயதுப் பெண்களில் பாதிப் பேருக்குத் தாய்மாமன் ஒரு கன்னியாஸ்திரி. நம்பாவிட்டால் போங்கள்.

துரைமார்கள் சீசனுக்குக் குற்றாலத்தில் பங்களா கட்டிய காலத்தில், வெள்ளைக்காரச் சாமியார்கள் ஓலைக் கொட்டகையில் தொடங்கிய பள்ளி எங்களுடையது. அன்றைய சிஸ்டர்கள் வீடு வீடாகப் போய்ப் பெண்பிள்ளைகளைக் கூப்பிட்டால், கிறிஸ்தவ வேதத்தில் சேர்த்துவிடுவார்கள் என்று பயந்து வீட்டார் கதவைச் சாத்திவிடுவார்களாம். அந்த வரலாற்றிலிருந்து எங்கள் தலைமையாசிரியையான பெரிய சிஸ்டர் கற்றுக்கொண்டது, வெறுங்கையோடு போகக்கூடாது என்பதைத்தான்.

பெண் வயதுக்கு வந்து சடங்கானதும் படிப்பை நிறுத்துவது அப்போது வழக்கம். எந்த வீட்டில் சடங்கு என்றாலும் சிஸ்டர் சாரலில் நனைந்துகொண்டு மொபெட்டில் வந்து இறங்குவார். கையில் சீர்த்தட்டு. தேங்காய், பழம், மஞ்சள், நடுவில் தைத்த யூனிபாரம், மேலே ஜியாமெட்ரி பாக்ஸ். கடையநல்லூரில் ஒரு வீட்டில் சீரை வாங்காமல் இழுத்தடித்தபோது, சவூதியில் இருந்த அந்தப் பெண்ணின் வாப்பாவுக்கே போன் போட்டு, "சீர் கொண்டாந்திருக்கேன், வாங்கச் சொல்லுங்க" என்றாராம்.

இலத்தூரில் என் சடங்கன்று, ஒன்பதாம் வகுப்போடு போதும் என்று அப்பா முடிவு செய்துவிட்டார். நான் மணையில் உட்கார்ந்து மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்தேன். கடையத்து மாமா மேளதாளத்தோடு வாசலுக்கு வந்தால், முன்னால் ஒரு தட்டு நிற்கிறது.

மாமாவுக்கு மீசை துடித்தது. "சிஸ்டர், மாமன் நான் உசுரோட இருக்கேன்."

"நீங்க மூத்த மாமன், நான் இளைய மாமன். சேந்தே போவோம் அண்ணாச்சி, வாங்க."

அப்பா குறுக்கே வந்தார். "படிச்சது போதும்னு முடிவு பண்ணியாச்சு சிஸ்டர்."

"படிப்பப் பத்தி யாரு பேசுதா? சீர் வைக்க வந்தேன். திருப்பி அனுப்புததா இருந்தா சொல்லுங்க, எடுத்துட்டுப் போயிருதேன்."

மேளம் நின்றது. பந்தலில் இருந்த அத்தனை பேரும் அப்பாவையே பார்த்தார்கள். வாசலுக்கு வந்த மாமன் சீரைத் திருப்பினால் ஊர் சும்மா விடாது. கடைசியில் வாயைத் திறந்தது எங்கள் மாமாதான்.

"சீரைத் திருப்பாதீங்க மச்சான். இன்னிக்கு அவுக தட்டு திரும்புனா நாளைக்கு எந்தட்டும் திரும்பும்லா?"

அப்பா தட்டை வாங்கினார். சீராக வந்த துணியை உடுத்தியே ஆகவேண்டும். பட்டுச்சேலையில் ஒரு போட்டோ, தலை நிறையப் பூவும் நீலப் பாவாடையுமாக ஒரு போட்டோ. பாவாடைக்குள் இன்னொருத்தி நிற்கலாம், அவ்வளவு பெரிது.

"என்ன சிஸ்டர், இவ்வளவு தொளதொளன்னு?" என்றாள் அம்மா.

"பன்னெண்டாப்பு வரைக்கும் உடுத்தக் காணணும்லா?"

அப்பாவுக்கே சிரிப்பு வந்துவிட்டது. திங்கட்கிழமை அவரே சைக்கிளில் கொண்டுபோய் விட்டார். பன்னிரண்டாப்பும் முடித்தேன், காலேஜும் முடித்தேன், இன்று உங்களுக்கு வாராவாரம் கதையளந்து பிழைக்கிறேன்.

போன சீசனில் சிஸ்டரைப் பார்க்கப் போனேன். வயதான சிஸ்டர்கள் தங்கும் மடத்தில் இருக்கிறார். அவருக்கு ஆள் அடையாளம் தெரியவில்லை. என் கையை மட்டும் இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

"ஏட்டி, ஒழுங்கா பள்ளிக்கூடம் போறியா?"

எனக்குத் தலை முக்கால்வாசி நரைத்துவிட்டது. "போறேன் சிஸ்டர்" என்றேன்.