பாதை கேட்டு மாமாவுக்கு ஒரு மனு

3.10.2006

அனுப்புநர்: இருசம்மாள், காத்தவராயன் சம்சாரம் (அவரு காலமாயிட்டாரு, ஒங்களுக்குத் தெரியும்), காலனித் தெரு, லால்பேட்டை வழி.

பெறுநர்: உயர்திரு திருநாவுக்கரசு அவர்கள், கட்சி ஒன்றியச் செயலாளர், சிதம்பரம். (எங்க எழிலரசி அக்கா வூட்டுக்காரர்.)

பொருள்: சுடுகாட்டுக்குப் பாதை கேட்டல் தொடர்பாக.

பார்வை: இதே பொருள்ல நீங்க சொல்லச் சொல்ல நான் எழுதுன பதினாலு மனு.

மதிப்பிற்குரிய மாமா அவர்களுக்கு,

கடுதாசிய இப்படியா எழுதுவாங்கன்னு சிரிக்காதீங்க. மூணாங்கிளாசோட நின்னவள இயக்க வகுப்புல ஒக்கார வச்சு எழுதக் கத்துக் குடுத்தது நீங்கதான், கத்துக் குடுத்ததும் மனு ஒண்ணுதான். அக்காவுக்குப் பொங்கல் வாழ்த்து எழுதுனாக்கூட எனக்கு "ஆவன செய்யுமாறு கேட்டுக்கொள்கிறேன்"னுதான் முடிக்க வருது. இங்க நானும் ரெண்டு ஆடும் சௌக்கியம். அங்க நீங்களும் அக்காவும் ஒங்க தோள்ல கெடக்குற கரை போட்ட துண்டும் சௌக்கியமா?

ஒம்பது நாளா நான் ஒங்ககிட்ட பேசல, நீங்க போன் பண்ணாலும் எடுக்கல. காரணம் ஒங்களுக்கே தெரியும், இருந்தாலும் மனுன்னா வெவரம் எழுதணும்னு நீங்கதான் சொல்லியிருக்கீங்க. மணவாளன் தன் வயலோரமா இருந்த வண்டிப்பாதைய முள்வேலி போட்டு அடைச்சதுலேருந்து நம்ம தெரு பொணம் வாய்க்கால்ல எறங்கித்தான் போவுது. வீராணம் ஏரியில தண்ணி தொறந்துட்டா நெஞ்சளவு ஓடும். எங்க வூட்டுக்காரரு போனதும் அந்த மாதிரி ஒரு ஐப்பசியிலதான். பாடைக்கு முன்பக்கம் எடது மூங்கி ஒங்க தோள்ல. நடுத்தண்ணியில நின்னுகிட்டு, "அடுத்த பொணம் கால் நனையாமப் போவும், இது என் வார்த்த"ன்னு கத்துனீங்க. அன்னக்கி ஒங்க தோள்ல துண்டு இல்ல. இயக்கத்துக்கு ஏது துண்டு, நாம பாயில ஒக்காந்து பேசுனவங்கதான?

அப்புறம் இயக்கம் கட்சி ஆச்சு. கட்சி கூட்டணி ஆச்சு. போன வாரம் டாட்டா சுமோ ஒண்ணு நம்ம தெருவுல வந்து நின்னுச்சு, நீங்க எறங்குனீங்க, ஒங்க கையப் புடிச்சிகிட்டு மணவாளனும் எறங்குனாரு. கூட்டணியோட ஒன்றிய கவுன்சிலர் வேட்பாளராம்! கும்புட்டுகிட்டே, "நான் ஒங்க வூட்டுப் புள்ள, எனக்குத்தான் போடணும்"ன்னாரு. நான் சும்மா இருந்திருக்கலாம். வாய் இருக்குதே. "எங்க வூட்டுப் புள்ள வயல்ல எங்க வூட்டுப் பொணம் போனா என்னாங்க?"ன்னு கேட்டுட்டேன். தெருவே சிரிச்சுது. அவருகூட சிரிச்சாரு. நீங்க மட்டும் வானத்தப் பாத்தீங்க, ஏதோ மழ வருதான்னு பாக்கற மாதிரி. அப்புறம் என்ன ஓரமா கூப்புட்டு, "எலெக்சன் முடியட்டும் புள்ள, பேசிக்கலாம்"ன்னீங்க.

இதுல கூத்து என்னன்னா, தாலுகா ஆபீஸ் முன்னால போராட்டத்துக்கு வெறும் பாடை கட்டித் தூக்கிட்டுப் போவலாம்னு மூங்கி வெட்டி ஜான்சி வூட்டு மாட்டுக்கொட்டாயில போட்டு வச்சிருந்தோம். நம்ம மகளிர் குழுவுக்குத் தலைவி அவதான, ஞாபகம் இருக்குதா? ஒங்க கட்சிப் பசங்க வந்து அத்தனையும் தூக்கிட்டுப் போயி மணவாளனுக்கு வரவேற்பு வளைவு கட்டிட்டாங்க. அவரு அதுக்கடியில பூமாலையோட நடந்து போனாரு, எதுக்கு வெட்டுன மூங்கின்னு தெரியாம. சடையப்பன் சித்தப்பா படுத்த எடத்துலேருந்து கேட்டுட்டு, "என் வண்டியப் பிரிச்சிட்டானுவளா?"ன்னாரு.

அவர ஆஸ்பத்திரியில வூட்டுக்குக் கூட்டிப் போவச் சொல்லிட்டாங்க மாமா. மூச்சு இழுக்குது. நீங்க எலெக்சன் முடியட்டும்னு சொன்னத அவருகிட்ட சொன்னேன். "அதுவரைக்கும் உசுர நான் புடிச்சு வச்சிக்கணுமா? நமக்கு மொதக் கட்டமா, ரெண்டாங் கட்டமா?"ன்னு கேக்குறாரு. சிரிச்சாலும் இருமல் வருது, அதுக்கும் சிரிக்கிறாரு. வாய்க்கால்ல நேத்தே தண்ணி வந்துடுச்சு.

ஆடு மேய்க்கறப்ப நான் யோசிச்சுப் பாக்கறதுண்டு. இயக்கமா இருந்தப்ப யாருகிட்ட வேணும்னாலும் சண்ட போட்டோம், ஆனா நம்மள எவனும் உள்ள விடல. கட்சி ஆனப்புறம் உள்ள விடறான், சண்ட மட்டும் போடக்கூடாதுங்கறான். இதுல எது ஜாஸ்தி, எது கம்மின்னு எனக்கு வெளங்கல. உள்ள போனாத்தான் கதவத் தொறக்க முடியும்னு நீங்க சொல்லுவீங்க. சரி மாமா, போயி நாலு வருசம் ஆச்சே, தாப்பா கை எட்டலயா? மனு எழுதக் கத்துக் குடுத்த மனுசன், இப்ப மனு வாங்குற பக்கம் நிக்கறாரு. அது ஒண்ணுதான் எனக்கு ஒரு மாதிரி இருக்குது.

ஆகவே மாமா அவர்கள், வர்ற திங்கக்கிழம பத்து மணிக்கு நாம எப்பவும் போற ஆபீசுக்கு வந்து எங்களுக்கு முன்னால நிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன். துண்ட அக்காகிட்ட குடுத்துட்டு வரணும். துண்டோட வந்தா நான் மூஞ்சியக்கூடப் பாக்கமாட்டேன்.

நீங்களும் அக்காவும் நூறு வருசம் நல்லா இருந்து, போற அன்னக்கி கால் நனையாமப் போவணும்.

இப்படிக்கு,
இருசம்மாள்

பின்குறிப்பு, 5.10.2006: இத ஒட்டறதுக்குள்ள சித்தப்பாவுக்கு ரொம்ப மோசமாயிடுச்சு. திங்கக்கிழம வரைக்கும் தாங்காதுன்னு இன்னக்கே நானும் ஜான்சியும் இன்னும் ஒம்பது பொம்பளைங்களும் ஆபீசுக்குப் போய்ட்டோம். வராந்தாவுல நின்னோம், நின்னோம், மத்தியானம் வரைக்கும் நின்னோம். "எலெக்சன் நேரம்மா, அப்புறம் வாங்க"ன்னாரு ஆபீசர். எனக்கு எங்கேருந்துதான் வந்துச்சோ, "நான் ஒன்றியச் செயலாளரோட கொழுந்தியா"ன்னு சொல்லிட்டேன். ஒடனே ஒரு நாற்காலி வந்துச்சு. டீ வந்துச்சு. நான் ஒக்காந்துட்டேன் மாமா. பத்து பேரு நின்னுகிட்டிருக்காங்க, நான் ஒக்காந்து டீ குடிக்கிறேன். எல்லாத்தையும் கேட்டுட்டு, நாளைக்கே வேலியப் பாக்க வர்றேன்னாரு, செயலாளரையும் வரச் சொல்லுங்கன்னாரு.

அதனால இத பஸ் கண்டக்டர்கிட்டயே குடுத்து அனுப்புறேன். நாளைக்குக் காலையில வந்துடுங்க, துண்டோடயே வாங்க. இருக்கறதுலயே அகலமானதாப் பாத்துப் போட்டுகிட்டு வாங்க. வேலி வரைக்கும் வந்து பாக்கறேன்னு சித்தப்பா கண்ணத் தொறந்துகிட்டு கெடக்குறாரு.

ஜான்சிதான் வர்ற வழியெல்லாம் எங்கிட்ட ஒரு வார்த்த பேசல. ஒங்ககிட்ட நான் பேசாம இருந்தேன் பாருங்க, அந்த மாதிரி.