பெண் பார்க்க வந்த ஹோல்ட் அண்ணன்

அன்று புனேயில், அவுந்து பக்கம் அந்த ஆறு மேஜை பிஸ்ட்ரோவில் இருந்தவர்கள்: பெண்ணின் அப்பா, பெண்ணின் அம்மா, பெண், மாப்பிள்ளை என்ற பெயரில் வியர்த்துக்கொண்டிருந்த நான், என் பக்கத்துப் பெரியவராக ஹோல்ட் அண்ணன். சமைத்துப் பரிமாறி அந்த இடத்தை நடத்தும் மராத்திக்கார அம்மாள் ஒருவர். வந்திருக்க வேண்டிய என் சித்தப்பா மகன் கணேசன் வரவில்லை. கால் சுளுக்கு என்றான். எந்தக் கால் என்று கேட்டதற்கு யோசித்துத்தான் சொன்னான்.

இந்த உலகத்தில் எந்தப் பொருளையும் முதல் பார்வையில் ஏற்றுக்கொள்ளாத ஒரே மனிதர் ஹோல்ட் அண்ணன்தான். கடவுளே நேரில் வந்தாலும் கொஞ்சம் ஓரமாக நிற்கச் சொல்லிவிட்டு, கூட வந்த பேப்பர் எங்கே என்று கேட்பார்.

சிஞ்ச்வட்டில் வண்டி உதிரிபாகம் செய்கிற ஒரு கம்பெனியில் நான் துளை போடும் மெஷினில் நிற்கிறேன். செய்த பாகங்களைச் சரிபார்க்கிற மேஜை அவருடையது. சரியானதற்குப் பச்சை அட்டை, கழிவுக்குச் சிவப்பு, முடிவு சொல்லாமல் நிறுத்தி வைப்பதற்கு மஞ்சள். அந்த மஞ்சளுக்குத்தான் ஹோல்ட் என்று பெயர். வருடத்தில் பச்சையும் சிவப்பும் ஒரு கட்டு செலவானால் அவருக்கு மஞ்சள் நாற்பது கட்டு செலவாகும். சொந்தப் பெயர் கோயம்புத்தூரில் யாருக்காவது தெரிந்திருக்கலாம்.

வேலையைக் கம்பெனியில் விட்டுவிட்டு வரும் ஆளில்லை. கேட்டுக்கு எதிரே வடா பாவ் வண்டியில் ஒருநாள் ஆறு வடையை வரிசையாக வைத்து, பையிலிருந்து அளவு பார்க்கும் வெர்னியரை எடுத்து ஒவ்வொன்றாக அளந்தார். "ஒரே காசு, ஆறு சைஸு. சின்ன வடை வாங்கினவன் என்ன பாவம் செஞ்சானுங்க?" என்று இந்தியில் நியாயம் கேட்டார். வண்டிக்காரர் தகராறு வேண்டாமென்று அடுத்த நாளிலிருந்து இருப்பதிலேயே பெரிய வடையை அவருக்கு எடுத்து வைத்தார். அதையும் வாங்க மாட்டேன் என்றார். "எனக்கு நடுத்தர வடை குடுங்க" என்பார். தினமும் அங்கே வரிசை நின்றுபோகும்.

வீட்டிலும் அப்படித்தான். டிபன் பாக்ஸ் மூடியில் மஞ்சள் அட்டையைக் கட்டி, "சாம்பார், உப்பு, முடிவு பிறகு" என்று எழுதி அனுப்பிவிட்டார். மறுநாள் அவர் மனைவி, அந்த அக்கா, அதே போல ஓர் அட்டையை அவர் சட்டைப் பையில் ஊசியால் குத்தி அனுப்பினார். அவர் அன்று முழுக்க அதோடுதான் வேலை பார்த்தார்.

"கழட்டிடுங்கண்ணே, எல்லாரும் பாக்குறாங்க" என்றேன்.

"காரணம் எழுதியிருக்குதுங்க தம்பி. நியாயமான காரணம்" என்றார்.

இப்படிப்பட்டவரைப் பெண் பார்க்க ஏன் கூட்டிப் போனாய் என்று கேட்பீர்கள். புனேயில் எனக்கு வேறு பெரியவர் கிடையாது. கூட்டிப் போனதை நினைத்து இரண்டு ராத்திரி நான் தூங்கவில்லை என்பதும் உண்மை.

பெண் வீட்டார் சாங்வியில் முப்பது வருடமாக இருப்பவர்கள். அப்பா அரசாங்க ஆபீசில் ஓய்வு பெற்றவர். "வீட்டுக்கு வந்தா அபார்ட்மென்ட் சொசைட்டி முழுக்கத் தெரிஞ்சிடும், வெளியில சாப்பிட்டுப் பேசலாம்" என்று அந்த பிஸ்ட்ரோவைச் சொன்னார். பிஸ்ட்ரோ என்றால் என்னவென்று எனக்குத் தெரியாது. வெள்ளிக்கிழமையே பஸ் பிடித்துப் போய் வெளியில் நின்று பார்த்துவிட்டு வந்தேன். உள்ளே மஞ்சள் பல்பு, சன்னலில் செடி, கரும்பலகையில் சாக்பீசால் எழுதின பலகாரப் பட்டியல். விலை எழுதவில்லை. அது வேறு ஒரு கவலை.

பெரிய கவலை பயோடேட்டா. கணேசன்தான் டைப் அடித்தான். படிப்பு என்ற இடத்தில் டிப்ளமோ என்று போட்டிருந்தான். நான் படித்தது ஒன்பதாவது. கேட்டால், "அந்த எடத்துல ஒன்பதுன்னு போட்டா நல்லாவா இருக்கும்?" என்றான்.

பஸ்ஸில் ஹோல்ட் அண்ணனிடம் கெஞ்சினேன். "அண்ணே, படிப்பைப் பத்தி மட்டும் எதுவும் சொல்லிராதீங்கண்ணே."

"நானா எதுவும் பேச மாட்டனுங்க தம்பி."

"கேட்டாங்கன்னா?"

"கேட்டா எப்படிங்க சும்மா இருக்கறது?"

"சாப்பிட்டுக்கிட்டே இருங்க."

"அதுக்குச் சாப்பாடு நல்லா இருக்கோணுமே."

உட்கார்ந்ததும் மேஜை ஆடுகிறது என்று கண்டுபிடித்து, ஒரு பேப்பர் நாப்கினை எட்டாக மடித்துக் காலுக்கடியில் வைத்தார். சூப் வந்தது. ஐந்து கிண்ணத்தையும் தன் பக்கம் இழுத்து வரிசையாக வைத்து, குனிந்து கண் மட்டத்தில் பார்த்தார். பெண்ணின் அம்மா தன் கிண்ணம் போன திசையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இதுல ஒண்ணு கம்மிங்க" என்று அந்தக் குறைந்த கிண்ணத்தைத் தனக்கு வைத்துக்கொண்டு மற்றதைத் திருப்பிக் கொடுத்தார். கடைக்கார அம்மாள் என்ன ஆச்சு என்று ஓடி வந்து, விஷயம் தெரிந்ததும் ஒரு கரண்டி சூப் கொண்டுவந்து ஊற்றிவிட்டுப் போனார். பெண் முதல் தடவையாகச் சிரித்தாள். அவளுடைய அப்பா சிரிக்கவில்லை.

"டிப்ளமோ எந்த காலேஜ்ல பண்ணீங்க?" என்று என்னைக் கேட்டார்.

தட்டில் பூண்டு ரொட்டி இருந்தது. இருப்பதில் பெரிய துண்டை எடுத்து முழுசாக வாயில் போட்டுக்கொண்டேன். அவர் காத்திருந்தார். அரசாங்க ஆபீசில் இருந்தவர், காத்திருப்பதில் கஷ்டமில்லை. நான் இரண்டாவது துண்டுக்குக் கையை நீட்டினேன். அவர் ஹோல்ட் அண்ணன் பக்கம் திரும்பினார்.

"நீங்களாவது சொல்லுங்களேன்."

அண்ணன் கரண்டியைத் துடைத்துக் கீழே வைத்தார். "அந்த வரி தப்புங்க. ஒன்பதாவதுங்க."

எனக்கு ரொட்டி உள்ளேயும் போகவில்லை, வெளியேயும் வரவில்லை.

"இது ஏமாத்து வேலை இல்லாம அவுர் கியா? வேற என்ன?" என்று பெண்ணின் அப்பா நாற்காலியைத் தள்ளினார். "சலோ, எழுந்திருங்க."

"திருப்பி அனுப்பறதுக்கு உங்களுக்கு உரிமை இருக்குதுங்க. உங்க எடத்துல இருந்தா நானும் அனுப்பிருவேன்" என்றார் அண்ணன். நான் அவரைப் பார்த்தேன். "ஆனா பேப்பர் தப்பா, பொருள் தப்பான்னு தனித்தனியாப் பார்க்கோணுமுங்க."

"பொருளா?" என்றார் அம்மா.

"தம்பியைத்தானுங்க சொல்றேன்."

பெண் இதுவரை பேசவில்லை. ரத்தப் பரிசோதனை லேப் ஒன்றில் வேலை பார்ப்பவள். புனேயிலேயே பிறந்த தமிழ். "அங்கிள், அப்போ இவர்கிட்ட ஃபால்ட் என்னென்ன?"

அண்ணன் கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டார்.

"மெஷினை நிறுத்திட்டு கேட்டு வரைக்கும் போவாரு, நிறுத்தினமான்னு திரும்ப வந்து பார்ப்பாரு. கண்டக்டர்கிட்ட எறங்கற எடத்தை மூணு தரம் கேப்பாரு. தலைவலின்னா உயில் எழுதலாமான்னு யோசிப்பாரு. இந்தக் கடையை வெள்ளிக்கிழமையே வந்து பார்த்துட்டுப் போயிட்டாரு."

"வெள்ளிக்கிழமையேவா?" என்று அவள் என்னைப் பார்த்தாள்.

"ஆனா ஆறு வருஷமா இவரு துளை போட்ட பீஸெல்லாம் என் மேஜைக்குத்தானுங்க வருது. சந்தேகம்னா இவரே எடுத்துட்டு வந்து, 'அண்ணே, இது தப்பா இருக்கலாம்'னு நீட்டுவாரு. எங்க கம்பெனில வேற யாரும் நீட்ட மாட்டாங்க. பயந்த மனுசனுங்க. அதனால எனக்கு வேலை கம்மி."

அவள் என் பக்கம் திரும்பினாள். "டிப்ளமோ யார் எழுதினாங்க?"

"சித்தப்பா பையன்."

"நீங்க பார்த்தீங்களா?"

"பார்த்தேன்."

"ஃபிர்? அப்புறம்?"

"அழிக்கல. அழிச்சா நீங்க வர மாட்டீங்களேன்னு பயம்."

"வந்திருக்கவே மாட்டோம்" என்றார் அவளுடைய அப்பா.

"அப்பா, உக்காருங்க ப்ளீஸ். எங்க லேப்ல ரிப்போர்ட் தப்பாப் போச்சுன்னா பேஷண்ட்டைத் துரத்த மாட்டோம். இன்னொரு தடவை எடுப்போம். பாஸ்தா வேற ஆர்டர் பண்ணியாச்சு."

பாஸ்தாவுக்காகவோ மகளுக்காகவோ அவர் உட்கார்ந்தார். அவள் கேட்க ஆரம்பித்தாள். சம்பளம், கடன், ஊருக்கு அனுப்புவது, குடி உண்டா, குறட்டை உண்டா, பெண் வேலைக்குப் போனால் முகம் கோணுமா. முக்கால் மணி நேரத்தில் அவ்வளவு உண்மையை நான் அதற்கு முன்னும் பேசியதில்லை, பின்னும் பேசியதில்லை. இதற்குள் பாஸ்தா வந்துவிட்டது. குழாய் குழாயாக, எல்லாம் ஒரே நீளம், ஒரே பருமன். ஹோல்ட் அண்ணன் புரட்டிப் புரட்டிப் பார்த்தார். சாப்பாட்டுத் தட்டின் எதிரில் அவர் வேலையில்லாமல் உட்கார்ந்திருந்ததை அன்றுதான் பார்த்தேன். கடைக்கார அம்மாளைக் கூப்பிட்டு, "இது எந்த மெஷின்ல செய்யறதுங்க?" என்று மரியாதையாக விசாரித்தார்.

பில் வந்தபோது பெண்ணின் அப்பா கை நீட்டினார். அண்ணன் விடவில்லை. "பேப்பர் தப்பு எங்க பக்கம். செலவும் எங்க பக்கந்தானுங்க." வெளியில் வந்து நான் பணத்தை நீட்டினேன். "நீங்க எதுக்குங்க தம்பி? எழுதினவரு குடுக்கட்டும்" என்று பில்லை மடித்துப் பையில் வைத்தார்.

பத்து நாள் கழித்துப் பெண்ணின் அப்பா போன் செய்தார். திருத்தின பயோடேட்டா வேண்டுமாம், கீழே அந்தக் கோயம்புத்தூர்க்காரர் கையெழுத்து இருக்க வேண்டுமாம். அண்ணன் இரண்டு தரம் திருப்பி அனுப்பினார். உயரம் அரை அங்குலம் கூடுதலாக இருந்தது. மூன்றாவதில் கையெழுத்துப் போட்டார்.

நாங்கள் கல்யாணம் செய்து நாலாவது வருடம் நடக்கிறது. ஹோல்ட் அண்ணன் ஓய்வு பெற்று ஊருக்குப் போய்விட்டார். ஒன்றாம் தேதி தவறாமல் போன் வரும். "கணேசன் குடுத்துட்டாருங்களா?" என்று கேட்பார். இல்லண்ணே என்பேன். "கேட்டுப் பாருங்க" என்பார். அப்புறம் அரை மணி நேரம் பாப்பாவுக்குப் பல் முளைத்ததா, நான் இன்னும் மெஷினைத் திரும்பப் போய்ப் பார்க்கிறேனா, அவுந்தில் அந்தக் கடை இருக்கிறதா என்று ஒவ்வொன்றாக விசாரிப்பார். என் மனைவியிடம் தனியாகப் பத்து நிமிடம். என்ன பேசுகிறார்கள் என்று இருவரும் சொன்னதில்லை.

போன தீபாவளிக்குக் கணேசன் கையில் ரூபாய் நோட்டோடு வந்து நின்றான். "இந்தா, அண்ணனுக்கு அனுப்பிரு. மானம் போகுது."

"இப்ப என்னடா அவசரம்" என்று அவன் சட்டைப் பையிலேயே திருப்பி வைத்தேன். இன்றைய தேதிக்கு அவன் பாக்கி இரண்டாயிரத்து நூற்று நாற்பது ரூபாய்.