ஜன்னலோரத்துச் சனி

சனி தன் ராசிக்கு வருகிறது என்று ஜோசியர் சொல்லக் கேட்டு, கால் தரையில் பாவாமல் வீட்டுக்கு ஓடிவந்த மனுஷன் உலகத்திலேயே அந்தக் கடிகாரக்காரர் ஒருத்தராகத்தான் இருக்கும்.

அவர் கவலை அப்படி. முழங்கால் ஆபரேஷன் முடிந்த தன் அம்மாவைக் கூட்டிவந்து வைத்துக்கொள்ளப் போவதாகப் பெண்டாட்டி சொல்லியிருந்தாள். எத்தனை நாளைக்கு என்று கேட்க அவருக்குத் தைரியமில்லை. மாடியேற முடியாதவரை முன்னறையில்தான் படுக்கவைக்க வேண்டும். முன்னறையில்தான் ஜன்னல். ஜன்னலடியில்தான் அவர் மேஜை. அந்த வெளிச்சம் போனால் மயிரிழை ஸ்பிரிங்கை எங்கே பார்ப்பது? படிக்கட்டுக்கு அடியில் உட்கார்ந்து பார்க்கட்டுமாம். அங்கே அவர் மூக்கே அவருக்குத் தெரியாது.

அதனால் ஜோசியர் சொன்னதில் பாதியை முழுங்கிவிட்டு, மீதியைப் பத்து மடங்காக்கிப் பெண்டாட்டி முன்னால் வைத்தார். சனி மெதுவாக நகர்கிற கிரகம். ஒரு ராசியில் உட்கார்ந்தால் எழுந்திருக்க ரெண்டரை வருஷம் ஆகும். எடுத்த வேலை இழுக்கும், உடம்பு படுத்தும்.

"அதுவரைக்கும் வீட்டுல பொருளோ ஆளோ, இருக்கிறது இருக்கிற இடத்துலயே இருக்கணும். அசைச்சா என் உயிருக்கே..." தொண்டை அடைத்ததுபோல் நிறுத்திக்கொண்டார்.

அவள் கரண்டியைக் கீழே வைத்தாள். "எப்பங்க வருது?"

"நாளைக்கு மத்தியானம்."

"அப்புறம் ஒரு நாற்காலியக்கூட நகர்த்தக் கூடாதா?"

"நூலளவுகூட."

"உங்க உயிரைவிட எனக்கு என்னங்க பெரிசு" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனாள்.

கல்யாணம் ஆன நாளிலிருந்து அவள் ஒரே பேச்சில் அடங்கியதில்லை. அங்கேயே உஷாராகியிருக்க வேண்டும். மனுஷன் குறட்டை விட்டுத் தூங்கினார்.

மறுநாள் காலையில் ஸ்பிரிங் வாங்கக் கடைவீதிக்குப் போனவர், சாயங்காலம் சீட்டியடித்தபடி திரும்பினார். முன்னறையில் கட்டில். கட்டிலில் மாமியார். மேஜை படிக்கட்டுக்கு அடியில், வயிறு திறந்த கடிகாரங்களோடு இருட்டில் கிடந்தது.

"என்னடி இது?"

"சனி வர்றதுக்குள்ள எல்லாத்தையும் அதது இடத்துல வச்சுடலாம்னு காலையிலேயே வண்டி பிடிச்சுப் போய்க் கூட்டிட்டு வந்துட்டேங்க. இனிமே யாரும் அசைக்க முடியாது. அசைச்சா உங்க உயிருக்கே..." நேற்று அவருக்கு அடைத்த அதே இடத்தில் அவளுக்கும் தொண்டை அடைத்தது.

ஜோசியர் அப்படிச் சொல்லவே இல்லை என்று ஒப்புக்கொண்டுவிடலாமா என்று பார்த்தார். ஒப்புக்கொண்டால் அவள் கேட்கப்போகிற கேள்விகளை நினைத்ததும், சனியே தேவலாம் என்று தோன்றியது. மேஜையையாவது கொஞ்சம் இந்தப் பக்கமாக என்று வாயெடுத்தார். அவள் பார்த்த பார்வையில் மூடிக்கொண்டார்.

மாமியார் காலை மெதுவாக நீட்டி, ஜன்னல் பக்கமாகச் சாய்ந்துகொண்டார்.

"பத்து நாள் இருந்துட்டுக் கிளம்பலாம்னுதான் நினைச்சேன் மாப்பிள்ளை. உங்க உயிர் விஷயமாச்சே, ரெண்டரை வருஷமும் இருந்துடறேன்."